சாய்தளத்துக்குப் பணம் வரும், கழிப்பறைக்கு?

கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் சிரமமில்லாமல் புழங்க முடிகிறதா என்று அளந்து பார்த்துச் சொல்வது என் தொழில். சமுதாயக் கூடத்தில் எல்லோரும் வந்து உட்காரும்படி ஒரு கூட்ட அறை வேண்டும் என்று ஊர்க்காரர்கள் பணம் திரட்டுவது இப்போது அதிகமாகியிருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் பெரும்பாலும் வசூல் முடிந்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். திரட்டிய தொகையோ, வாட்ஸ்அப் குழுவில் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது.

ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் கூடம். மழைத்தண்ணீர் உள்ளே வரக் கூடாது, நாளைக்கு ரோட்டை வேறு உயர்த்துவார்கள் என்று பேஸ்மட்டத்தை இரண்டடி தூக்கியிருந்தார்கள். வாசலில் கிடைத்த இடத்துக்குள் மேஸ்திரி பத்தடியில் சாய்தளத்தை முடித்துவிட்டார். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. அப்படியானால் இங்கே 24 அடி வேண்டும். சக்கர நாற்காலி நின்று திரும்ப மேலும் கீழும் சமதளம் தனி. சக்கர நாற்காலியில் வந்தவர் பாதிச் சரிவில் பின்பக்கமாகச் சாய, இரண்டு பேர் ஓடிவந்து பிடித்தார்கள். ஒருவழியாக மேலே போனால், ஓர் அங்குல கிரானைட் நிலைப்படியில் முன்சக்கரம் முட்டி நின்றது. பக்கத்தில் உபயதாரர் பெயர்ப் பலகை மட்டும் மட்டம் பார்த்துப் பதிக்கப்பட்டிருந்தது.

நம் ஊரில் கொடுக்கிறவர்களுக்குக் குறைவில்லை. கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சமே மறைகிற அளவுக்கு ‘உபயம்’ எழுதுகிறவர்கள் நாம். சாய்தளம், டைல்ஸ், ஏசி எல்லாவற்றுக்கும் ஆள் கிடைக்கும். கழிப்பறையில் பெயர் போட்டுக்கொள்ளத்தான் யாரும் வருவதில்லை. ஆனால் அந்த அறைக்கு ஒருவர் இரண்டாம் முறை வருவாரா என்பது கழிப்பறையில்தான் இருக்கிறது. வெளியே போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிற பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய 2 மீட்டருக்கு 2.2 மீட்டர் இடம், 900 மில்லிமீட்டர் தடையில்லாத வழி, வெளிப்பக்கம் திறக்கும் அல்லது பக்கவாட்டில் நகரும் கதவு, வெஸ்டர்ன் கோப்பை, இருபக்கமும் பிடிமானக் கம்பி. இவ்வளவும் வேண்டும். கம்பி என்றதும் டவல் ராடை மாட்டிவிடுகிறார்கள். முழு எடையைப் போட்டால் அது சுவரைவிட்டுக் கையோடு வந்துவிடும்.

அடுத்தது சத்தம். டைல்ஸ் தரை, வெறும் சுவர், தலைக்கு மேல் நாலு ஃபேன். காதுகேட்கும் கருவி போட்டவருக்கு அங்கே வெறும் இரைச்சல்தான். கனமான திரைச்சீலையும் ஒலியை உறிஞ்சும் கூரைப் பலகையும் பெரிய அளவில் உதவும். அறையைச் சுற்றி ஒரு கம்பியைப் பதித்து ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தால், மைக்கில் பேசுவது ‘டி’ வசதியுள்ள, அதாவது அந்தக் கம்பியின் காந்தப்புலத்தைப் பிடிக்கும் டெலிகாயில் உள்ள காதுகேட்கும் கருவிகளுக்கு நேராகப் போய்ச் சேரும். தரை போடும் முன் பதிப்பது சுலபம், அப்புறம் என்றால் டைல்ஸை உடைக்க வேண்டிவரும். எல்லாக் கருவியிலும் அந்த வசதி கிடையாது. எனவே வரப்போகிறவர்களிடம் முதலில் கேளுங்கள்.

அதனால்தான் வசூலுக்கு முன் அளவுநாடா என்கிறேன். சக்கர நாற்காலியில் வருபவர், பார்வையில்லாதவர், காது கேளாதவர் என்று உங்கள் பகுதியிலேயே சிலரை அழைத்து, கூடத்தை ஒருமுறை சுற்றிவரச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறது என்று அவர்கள் சொல்வதிலிருந்து எஸ்டிமேட் போடுங்கள். அறிவிப்பில் மொத்தத் தொகையோடு நிறுத்தாமல் கதவு இவ்வளவு, கம்பி இவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். பரிதாபப் படங்கள் வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடத்தையும் பொதுக் கட்டடம் என்றே சொல்கிறது. பழைய கட்டடங்களை மாற்ற அது கொடுத்த ஐந்து வருடக் கெடு, 2017இல் விதிகள் வந்ததிலிருந்து எண்ணினால் 2022இலேயே முடிந்துவிட்டது. தர்மம் கேட்கும் தொனிக்கு இங்கே இடமில்லை.

பண விஷயம். கியூஆர் கோடு சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே இருக்கட்டும், பொருளாளரின் சொந்த நம்பர் வேண்டாம். நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் பதிவு (80ஜி என்று சொல்லப்படுவது) இல்லாத சங்கம் வரிச்சலுகை உண்டு என்று விளம்பரம் செய்யக் கூடாது. பதிவு இருந்தாலும் புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது. வெளிநாட்டு உறவினர்களிடம் கேட்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மச்சான் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை; எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அனுமதி இல்லாமல் வாங்கினால் சிக்கல். கட்டடம் உள்ளாட்சிக்குச் சொந்தமானது என்றால் தமிழ்நாடு அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்தை விசாரியுங்கள். மக்கள் பங்காக மூன்றில் ஒரு பகுதியாவது திரட்டினால் மீதியை அரசு போடும் ஏற்பாடு அது.

திரட்டுவதில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்து வையுங்கள். சைகைமொழி பெயர்ப்பாளருக்கு ஒவ்வொரு கூட்டத்துக்கும் சம்பளம் தர வேண்டும், ஆம்ப்ளிஃபயர் பழுதாகும், பிடிமானக் கம்பியின் திருகு தளரும். கழிப்பறைச் சாவி யாரிடம் என்பதையும் திறப்பு விழாவுக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் மூன்றே மாதத்தில் அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகளையும் துடைப்பத்தையும் அடுக்கிவிடுவார்கள்.