வீட்டுக்கு ஜாக்கி வாங்குவதற்கு முன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஆறேழு வருடமாக என்னிடம் தன் ஸ்விஃப்ட்டை சர்வீஸுக்கு விடும் தம்பி அனுப்பியது. "அண்ணே, ஆயில் இறக்குற போல்ட்டுக்கு எத்தனாம் நம்பர் ஸ்பேனர்?" என்று கேட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி எடுத்த படம். ஓரத்தில், ஸ்டெப்னியோடு கம்பெனி கொடுக்கும் கத்தரி ஜாக்கி தெரிந்தது. பேவர் கல் மேல் வைத்திருந்தார். அதன் அடித்தட்டில் ஒரு விளிம்பு இரண்டு கல்லுக்கு நடுவே இறங்கி, ஜாக்கியின் தலை ரோட்டுப் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. வேறு முட்டு எதுவும் இல்லை.

ஸ்பேனர் நம்பரைச் சொல்லாமல் உடனே போன் போட்டேன். "எதையும் தொடாம, வண்டியில இடிக்காம மெதுவா வெளிய வாப்பா" என்றேன். வந்துவிட்டார். வந்த பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது. "அப்ப விலை கம்மியா, நம்பிக்கையா ஒரு ஜாக்கி சொல்லுங்கண்ணே" என்றார். அவரிடம் அரை மணி நேரம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். வீட்டிலேயே ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் பார்ப்பது என்று இப்போது நிறையப் பேர் இறங்கிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஸ்பேனர் செட்டுக்கு 4,000 ரூபாய் செலவழிப்பவர்கள், வண்டியைத் தூக்குவதற்கு மட்டும் டிக்கியில் கிடக்கும் ஜாக்கியே போதும் என்று நினைக்கிறார்கள்.

அந்த ஜாக்கி பஞ்சரான சக்கரத்தை மாற்றுவதற்காக மட்டும் கொடுக்கப்பட்டது. வண்டியின் கையேட்டை எடுத்துப் பாருங்கள், ஜாக்கியில் நிற்கும்போது அடியில் போகாதீர்கள் என்று எழுதியிருக்கும். சக்கரம் மாற்ற பத்து நிமிடம் ஆகும், உங்கள் உடம்பும் வெளியே இருக்கும். ஆயில் மாற்றுவது அப்படியில்லை. அடியில் படுத்து, இறுகிப்போன போல்ட்டை ஸ்பேனர் போட்டு இழுப்பீர்கள். அந்த இழுவை முழுக்கப் பக்கவாட்டில் போகும். கத்தரி ஜாக்கி மேலிருந்து வரும் எடையைத் தாங்கும், பக்கவாட்டு இழுவைக்கு மடங்கிவிடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 17 வயதில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். முன் சக்கரம் ஒன்றைக் கழற்றிவிட்டு பிரேக் வேலை பார்க்க உட்கார்ந்தேன். ஹேண்ட்பிரேக் கேபிள் தளர்ந்திருந்தது. ஃபர்ஸ்ட் கியரில் கிடக்கிறதே, போதும் என்று பின் சக்கரத்துக்குக் கட்டை போடவில்லை. தரையில் கண்ணுக்குத் தெரியாத அளவு சரிவு. கழற்றிய பக்கத்து பிரேக் டிஸ்க் தானாக மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. யாரும் தொடாத டிஸ்க் ஏன் சுற்றுகிறது என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே கையை எடுத்தேன். அடுத்த நொடி ஜாக்கி சாய்ந்து, அந்த டிஸ்க் தரையில் 'ணங்' என்று விழுந்தது. சிமெண்டில் பிறை நிலா மாதிரி ஒரு பள்ளம். அந்த இடத்தில்தான் என் வலது கை இருந்தது.

ஏன் அப்படி நடந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. நம் ஊரில் ஓடும் சின்னக் கார்கள் பெரும்பாலும் முன் சக்கரங்களால் இழுக்கப்படுபவை. கியர் பிடித்து நிறுத்துவதும் அந்த இரண்டு சக்கரங்களையே. நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது, இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் பெட்டி. ஒரு முன் சக்கரத்தைத் தூக்கிவிட்டால், அது காற்றில் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருளும். அப்புறம் கியர் போட்டும் பிரயோஜனம் இல்லை. அந்த நேரத்தில் வண்டியைப் பிடிப்பது பின் சக்கரத்து ஹேண்ட்பிரேக் மட்டும்தான். அதே மாதிரி, பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் தூக்கினால் ஹேண்ட்பிரேக்குக்கு வேலையே இல்லை, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட வேண்டும். கட்டை என்றால் சக்கரத்தின் வளைவில் பொருந்துகிற மரக்கட்டை. ரோட்டோரத்தில் கிடக்கும் உருண்டைக் கல் உருண்டு போய்விடும்.

சரி, எந்த ஜாக்கி வாங்குவது?

கடைக்குப் போனால் முதலில் "எத்தனை டன் வேணும்?" என்று கேட்பார்கள். பலரும் பாட்டில் மாதிரி செங்குத்தாக நிற்கும் பாட்டில் ஜாக்கியை 5 டன், 10 டன் என்று வாங்கி வந்துவிடுகிறார்கள். பெரிய நம்பர் என்றால் பாதுகாப்பு என்ற எண்ணம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்விஃப்ட்டின் எடை ஏறக்குறைய 900 கிலோ. இன்ஜின் இருப்பதால் அதில் பாதிக்கு மேல் முன்பக்கம் இருக்கும். ஒரு முன் மூலையைத் தூக்கும்போது ஜாக்கிக்கு வரும் எடை 300 கிலோவைச் சுற்றி. மொத்த முன்பக்கத்தையும் தூக்கினால்கூட 600 கிலோவைத் தாண்டாது. இன்னோவா கிரிஸ்டா மாதிரி 1,800 கிலோ வண்டிக்கும் 2 டன் ஜாக்கி தாராளம். டன்னை விட முக்கியம் உயரம். 2 டன் பாட்டில் ஜாக்கியே முழுக்க இறக்கிய நிலையில் 18 செ.மீ. பக்கம் நிற்கும். டன் கூடக் கூட அந்த உயரமும் கூடும். காற்றில்லாத டயரோடு தாழ்ந்து நிற்கும் சின்னக் காரின் அடியில் அது நுழையாது. பாட்டில் ஜாக்கி சேஸி உயரமாக இருக்கும் பொலேரோ, சுமோ, வேன், லாரிக்கு ஏற்றது. அதன் அடித்தட்டும் குறுகல் என்பதால் காருக்கு நான் சொல்வதே இல்லை.

வீட்டு வேலைக்கு என் சிபாரிசு 2 டன் ட்ராலி ஜாக்கி. நாலு சக்கரம் வைத்து, தரையோடு தரையாகத் தள்ளி உள்ளே விடும் ஜாக்கி. சாதாரண மாடல் இறக்கிய நிலையில் 13, 14 செ.மீ. இருக்கும், 33 செ.மீ. வரை தூக்கும். கடைக்குப் போகும் முன் உங்கள் வண்டியில் கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கும் இடத்துக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். டயரில் காற்று இருக்கும்போது அளந்தால் நாலைந்து செ.மீ. கழித்துக்கொள்ளுங்கள். டேப்பைக் கடைக்கும் எடுத்துப் போங்கள். பெட்டியில் அச்சடித்த அளவை நம்பாமல் ஜாக்கியையே அளப்பது நல்லது.

விலை கடைக்குக் கடை மாறும். 2 டன் ட்ராலி ஜாக்கி 2,500 முதல் 4,000 ரூபாய்க்குள் கிடைக்கும். சென்னையில் இருப்பவர்கள் ஜி.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி, கையில் தூக்கிப் பார்த்து வாங்கலாம். புதுப்பேட்டையில் பழைய ஜாக்கி பாதி விலைக்குக் கிடைக்கும்தான், ஆனால் இந்த மாதிரி ஆயில் அழுத்தத்தில் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக்கியைப் பழையதாக வாங்காதீர்கள். வெளியே புது பெயின்ட் அடித்திருப்பார்கள், உள்ளே ரப்பர் சீல் எத்தனை வருடத்துது என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சீலும், ஆயிலைத் திரும்பவிடாமல் அடைக்கும் கடுகளவு இரும்புக் குண்டும்தான் மொத்த எடையையும் பிடித்து நிறுத்துகின்றன. குண்டுக்கு அடியில் ஒரு துகள் தூசி சிக்கினால் போதும், ஜாக்கி மெல்ல இறங்க ஆரம்பிக்கும்.

கடையில் இரண்டு மூன்று விஷயம் பாருங்கள். பக்கத்துத் தகடுகள் சேரும் இடங்களில் வெல்டிங் ஓட்டை இல்லாமல் தொடர்ச்சியாக இருக்கிறதா? பிஸ்டன் தண்டு பளபளப்பாக, கீறல் இல்லாமல் இருக்கிறதா? அதைச் சுற்றி ஆயில் ஈரம் இருந்தால் வேறு எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இறக்கும் வால்வைத் திருகிப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். கால் திருகிலேயே தடாலென்று இறங்குகிற ஜாக்கியை வண்டிக்கு அடியில் வைக்க முடியாது.

இதைவிட முக்கியமான செலவு ஒன்று இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு ஜோடி ஸ்டாண்டு. முக்கோணமாக இரும்பில் செய்து, நடுவில் ஏற்றி இறக்கும் தண்டோடு வரும். ஜோடி 1,500 முதல் 2,500 ரூபாய். கையில் 4,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால், ஜாக்கியில் 500 ரூபாய் குறைத்தாவது ஸ்டாண்டை வாங்குங்கள். ஸ்டாண்டு இல்லாத 10,000 ரூபாய் ஜாக்கியை விட, ஸ்டாண்டோடு இருக்கும் 2,500 ரூபாய் ஜாக்கி எவ்வளவோ மேல்.

ஸ்டாண்டிலும் ஒரு கவனம். பல்லில் பூட்டிக்கொள்ளும் வகை உண்டு, துளைக்குள் கனமான இரும்புப் பின்னைச் செருகும் வகையும் உண்டு. 2020-இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரைட் என்ற கடை விற்ற பல் வகை ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றார்கள். எடை ஏறிய நிலையில் பூட்டு பல்லிலிருந்து நழுவி வண்டி இறங்கக்கூடும் என்பது காரணம். பதிலாகக் கொடுத்ததில் ஒரு மாடலிலும் வெல்டிங் கோளாறு என்று அதையும் திரும்ப வாங்கினார்கள். அதனால் நான் பின்னைச் செருகும் வகையைத்தான் சொல்வேன். பல் வகைதான் கிடைத்தது என்றால், கூடுதலாக ஒரு பூட்டுப் பின் உள்ளதாகப் பாருங்கள். ஸ்டாண்டுக்குப் பதிலாக செங்கல், ஹாலோ பிளாக் வைப்பது கூடவே கூடாது. சுவருக்குள் பரவலாக எடை தாங்குகிற கல், ஒரே புள்ளியில் எடை விழுந்தால் எச்சரிக்கை ஏதும் கொடுக்காமல் பொடிந்துவிடும்.

ஜாக்கியை எங்கே வைப்பது என்பதிலும் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். கதவுக்குக் கீழே இரண்டு தகட்டைச் சேர்த்து வெல்டிங் வைத்த விளிம்பு ஓடும். அதில் முன்சக்கரத்துக்குப் பின்னாலும் பின்சக்கரத்துக்கு முன்னாலும் சின்ன வெட்டு அடையாளம் இருக்கும். அந்த இடத்தில் மட்டும்தான் உள்ளே கூடுதல் தகடு வைத்துப் பலப்படுத்தியிருப்பார்கள். நாலு விரல் தள்ளி வைத்தால் விளிம்பு மடங்கும், அப்புறம் அங்கே துருப்பிடிக்கும். ட்ராலி ஜாக்கியின் தட்டையான தலைக்கும் விளிம்புக்கும் நடுவே, பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டை ஒன்று வையுங்கள், 200 ரூபாய்க்குள் கிடைக்கும். ஜாக்கி அந்த இடத்தை எடுத்துக்கொண்டால் ஸ்டாண்டை எங்கே வைப்பது என்ற கேள்வி வரும். பல வண்டிகளின் கையேட்டில் முன்பக்க நடுவிலும் பின்பக்க நடுவிலும் ட்ராலி ஜாக்கி வைக்கும் இடத்தைத் தனியாகப் படம் போட்டிருப்பார்கள். அங்கே தூக்கி, இரண்டு பக்க விளிம்பிலும் ஸ்டாண்டு கொடுக்கலாம். ஊகத்தில் இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில் வைத்து, அலுமினியம் விரிசல் விட்டு வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். எலெக்ட்ரிக் கார் என்றால் அடி முழுக்க பேட்டரிதான். குறித்த இடம் தவிர வேறெங்கும் ஜாக்கி படக் கூடாது.

ட்ராலி ஜாக்கிக்குச் சக்கரம் இருப்பது தள்ளிக்கொண்டு போக மட்டும் இல்லை. அதன் கை வில் மாதிரி வளைந்து மேலே ஏறும். ஏற ஏற ஜாக்கி வண்டிக்கு அடியில் கொஞ்சம் நகர்ந்தாக வேண்டும். மண் தரையில், ஜல்லியில் அந்தச் சின்னச் சக்கரங்கள் புதைந்துவிட்டால் ஜாக்கி நகராது, வண்டியைத்தான் தன் பக்கம் இழுக்கும். கோவில்பட்டி பக்கம் கரிசல் மண்ணில், அதுவும் மழைக்குப் பிறகு, இது நிச்சயம் நடக்கும். சித்திரை வெயிலில் இளகிய தார் ரோட்டிலும் அப்படியே. சிமெண்டுத் தரை இல்லையென்றால் முக்கால் இஞ்ச் பிளைவுட் பலகை ஒன்றைப் போட்டு அதன் மேல் ஜாக்கியை வையுங்கள். ஸ்டாண்டின் கால்களுக்கும் அதே பலகைதான்.

டிக்கியில் இருக்கும் கத்தரி ஜாக்கியையும் மறந்துவிடாதீர்கள், வழியில் பஞ்சரானால் அதுதான் கை கொடுக்கும். வருடத்துக்கு ஒரு முறை எடுத்து, திருகுத் தண்டைத் துடைத்து கிரீஸ் தடவி வையுங்கள். முழுக்கப் படுத்த நிலையில் அதன் திருகுக்கு விழும் பாரம் மிக அதிகம். அதனால் அடியில் ஒரு பலகை கொடுத்து, ஜாக்கி கொஞ்சம் எழும்பிய பிறகு வண்டியைத் தொடும்படி வைத்தால் சுற்றுவதும் எளிது, மரையும் தேயாது. ட்ராலி ஜாக்கிக்கு ஆயில் குறைந்தால் ஹைட்ராலிக் ஜாக்கி ஆயிலே ஊற்றுங்கள். பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல் ஊதிப்போய்க் கெட்டுவிடும்.

அந்தத் தம்பி அடுத்த வாரமே ஜாக்கியும் ஸ்டாண்டும் வாங்கி, நேராக என் ஷெட்டுக்கு எடுத்து வந்தார். பின் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, முன்பக்கத்தைத் தூக்கி, விளிம்புக்கு மூன்று விரல் கீழே ஸ்டாண்டுகளை நிறுத்தினோம். விளிம்புக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை டேப்பால் அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதினேன். டீ குடித்துவிட்டு வந்து அரை மணி நேரம் கழித்து அளந்தால், 2 செ.மீ. இறங்கியிருந்தது. புது ஜாக்கி, வெளியே ஒரு சொட்டு ஆயில் கசியவில்லை. முதலில் காற்று நின்றிருக்கலாம் என்று வால்வைத் திறந்து வைத்து, கைப்பிடியைப் பத்துப் பதினைந்து தடவை அடித்துக் காற்றை எடுத்துவிட்டு மறுபடி தூக்கிப் பார்த்தோம். மறுபடியும் இறங்கியது. பில்லோடு திருப்பி அனுப்பினேன், கடைக்காரர் மறு பேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். இரண்டாவது ஜாக்கி ஒரு மணி நேரம் வைத்தும் சாக்பீஸ் கணக்கில் மாறவில்லை. அதற்குப் பிறகு வண்டியை ஸ்டாண்டில் உட்கார வைத்து, பக்கவாட்டில் இரண்டு கையாலும் அசைத்துப் பார்க்கச் சொன்னேன். அசையவில்லை. 'இப்ப அடியில போ' என்று சொல்லி ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன்.