ஆரஞ்சு ஆறில் ஒன்று, மாங்கூழ் பாதி

பழத்தில் பெரும்பங்கு தண்ணீர்தான். அதைக் கப்பலேற்றுவது வீண் செலவு. பிரேசிலின் சாவோ பாலோ மாநில ஆலைகள் இதற்கு வழி கண்டுவிட்டன. பிழிந்த ஆரஞ்சுச் சாறு சுமார் 11 பிரிக்ஸ், அதாவது 100 கிலோ சாற்றில் சர்க்கரையும் அமிலமுமாகக் கரைந்திருப்பது 11 கிலோ. சக்கையை வடித்து, அழுத்தம் குறைத்த கலன்களில் தண்ணீரை ஆவியாக்கி 66 பிரிக்ஸுக்குக் கொண்டுவந்தால் 100 கிலோ 17 கிலோவாகச் சுண்டிவிடும். ஆவியோடு போகும் மணத்தைத் தனியே பிடித்துப் பின்னர் சேர்ப்பார்கள். சாறு என்று சொல்கிறோமே தவிர, கப்பலில் போவது உறைகுளிரில் வைத்த பாகு.

கிருஷ்ணகிரி ஆலைகளில் அரைபடும் பெங்களூரா மாம்பழத்தை இப்படிச் சுண்டவைக்க முடியாது. அது சாறல்ல, கூழ். சதையின் நாரும், கெட்டிப்படுத்தும் பெக்டினும் அதிலேயே இருக்கும். 14 பிரிக்ஸ் கூழ் 28 ஆவதற்குள் களியாகிவிடும். அதற்கு மேல் போனால் சூடான சுவரில் ஒட்டிக் கருகும். நிறம் பழுப்பேறி, வெந்த வாடை வரும். எனவே எடை பாதியானதும் நிறுத்திக்கொள்கிறார்கள். பல சமயம் அதுகூடச் செய்யாமல் 14 பிரிக்ஸிலேயே போகிறது.

1 டன் கூழுக்குச் சுமார் 2 டன் பழம் வேண்டும். பழுக்கவைக்க எத்திலீன் வாயு அறை. கார்பைடு கல்லுக்குத் தடை. அரைகுறையாகப் பழுத்தால் பிரிக்ஸ் ஏறாது, புளிப்பு மிஞ்சும். காம்பு அழுகிய பகுதியை வெட்டி எறியாவிட்டால் கூழில் கரும்புள்ளி தெரியும். சல்லடை கிழிந்தாலும் அதே கதி. அந்தச் சரக்கை வாங்குபவர் திருப்பிவிடுவார்.

கொட்டை நீக்கி, சலித்து, காற்றை உறிஞ்சி, 105 டிகிரியைத் தாண்டிச் சில நொடிகள் சூடாக்கி, உடனே 35 டிகிரிக்குக் குளிர்விப்பார்கள். பிறகு கிருமி நீக்கிய பையில் நிரப்பி டிரம்முக்குள் இறக்குவார்கள். ஒரு டிரம்மில் சுமார் 215 கிலோ. 20 அடி கன்டெய்னரில் 80 டிரம். ஆரஞ்சுப் பாகுக்கு வேண்டிய உறைகுளிர் இதற்குத் தேவையில்லை, நிழல் போதும். எல்லாம் பையின் மூடியைப் பொறுத்தது. நிரப்பும்போது மூடியின் விளிம்பில் துளிக் கூழ் ஒட்டினாலும் சீல் சரியாக உட்காராது. ஈஸ்ட் புகுந்து சில நாளில் பை உப்பும். அதனால் நிரப்பிய டிரம்களை உடனே லாரியில் ஏற்றாமல் சில நாள் கிடங்கில் வைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து பை உப்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.