பைப்ளேன்: ஈரடுக்கு இறக்கை வானூர்தி

போயிங் நிறுவனம் அமெரிக்கக் கடற்படைக்காக உருவாக்கி 1933இல் பறக்கவிட்ட எக்ஸ்எஃப்6பி, விமானந்தாங்கிக் கப்பலுக்கென வடிவமைக்கப்பட்டுச் சோதனைக் கட்டத்தைத் தாண்டாமலே நின்றுபோன ஒரு பைப்ளேன் சண்டை விமானம். இந்த வாக்கியத்தில் விமானந்தாங்கி, சோதனை, சண்டை விமானம் ஆகிய எல்லாம் தமிழில் பழகிவிட்டன. பைப்ளேன் மட்டும் ஒலிபெயர்ப்பாகவே நிற்கிறது. அதற்கு நேரான சொல் கிடைக்காமலில்லை. கைக்கு முதலில் அகப்படும் சொற்கள் யாவும் சற்றே பிசகுகின்றன என்பதுதான் சிக்கல்.

சொல்லின் முன்பாதியான ‘பை’, இரண்டு என்னும் பொருளுடைய இலத்தீன் முன்னொட்டு. பின்பாதியான ‘ப்ளேன்’ இங்கே விமானத்தைக் குறிக்கவில்லை; சமதளப் பரப்பைக் குறிக்கும் ‘பிளானம்’ என்ற இலத்தீன் வேரிலிருந்து வந்து, இறக்கையாகிய பரப்பையே சுட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘ஏரோப்ளேன்’ என்ற சொல்லே முழு ஊர்தியை அல்லாமல் அதன் இறக்கைப் பரப்பைக் குறிக்க வழங்கியது. பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்தால் குறைந்த அகலத்திலேயே போதிய ஏற்றவிசை பெறலாம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிரான்சிஸ் வென்ஹாம் 1866இல் எடுத்துரைத்தார். பாலங்கள் கட்டிப் பழகிய ஆக்டேவ் சனூட், 1896இல் தம் மிதவை வானூர்தியின் (எஞ்சினில்லாத கிளைடரின்) மேலிறக்கையையும் கீழிறக்கையையும் நிலைக்கால்களாலும் குறுக்குக் கம்பிகளாலும் பாலச்சட்டம்போலப் பிணைத்தார். 1903இல் ரைட் சகோதரர்கள் பறந்ததும் இந்த அமைப்பில்தான். ஆகவே பைப்ளேன் என்பதன் நேர்ப்பொருள் ‘இரு பரப்பு உடையது’ என்பதே.

பரப்பைத் தளம் என்று கொண்டு ‘இருதள விமானம்’ என்று பெயர்க்கலாமே என்று தோன்றும். ஆனால் தமிழில் அந்த இடம் முன்பே நிரம்பியிருக்கிறது. கருவறைமேல் எழும் கட்டுமானத்துக்கும் விமானம் என்றே பெயர். அதில் இரண்டு நிலைகள் இருந்தால் கோயிற்கலை நூலார் அதை இருதள விமானம் என்றே எழுதுவர். போதாக்குறைக்கு, ‘விமானத் தளம்’ என்றால் வானூர்திகள் இறங்கும் இடம். ஒரே தொடர் மூன்று பக்கம் இழுபடுவதைத் தவிர்க்க, ஊர்திக்கு ‘வானூர்தி’ என்று ஆள்வதே நல்லது. அதுவும் இன்று புனைந்த சொல்லன்று: ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று புறநானூற்றின் 27ஆம் பாட்டே சொல்கிறது.

இனி, ‘இரட்டை இறக்கை வானூர்தி’. இது பரவலாகப் புரியக்கூடியதுதான். ஆனாலும் எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. இடமொன்றும் வலமொன்றுமாக எந்தக் காக்கைக்கும் இரண்டு இறக்கைகள் உண்டு. இன்றைய பயணிகள் விமானத்துக்கும் அப்படியே. பைப்ளேனை வேறுபடுத்திக் காட்டுவது எண்ணிக்கையன்று, மேலும் கீழுமான அடுக்கு. நம் இலக்கணமே இங்கே வழிகாட்டுகிறது. ‘சலசல’ என்னும் இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பாதிக்குப் பொருளில்லை. ‘பாம்பு பாம்பு’ என்னும் அடுக்குத்தொடரில் ஒவ்வொரு சொல்லும் தனித்தே முழுமையானது. பறவையின் ஒற்றைச் சிறகு பறக்க உதவாது. பைப்ளேனின் மேலடுக்கோ இடக்கோடி முதல் வலக்கோடிவரை தானே ஒரு முழு இறக்கை. எனவே ‘ஈரடுக்கு இறக்கை வானூர்தி’ என்பதே பொருந்தும் சொல். இதன் கிளைகளும் இயல்பாகவே அமைகின்றன: மோனோப்ளேன் ஓரடுக்கு, 1917இல் ஜெர்மனி களமிறக்கிய ஃபாக்கர் டிரிப்ளேன் மூவடுக்கு. கீழிறக்கை மிகச் சிறுத்திருந்த பிரெஞ்சு நியூபோர் 17 போன்ற செஸ்குவிப்ளேன் வகையை ‘ஒன்றரை அடுக்கு’ எனலாம்; ‘செஸ்குவி’ என்ற இலத்தீன் முன்னொட்டுக்கும் ஒன்றரை என்றே பொருள்.

கப்பல் விமானங்களில் இந்த அடுக்கு நெடுநாள் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. மேல்தளத்தின் நீளம் குறைவு. எனவே குறைந்த வேகத்தில் எழவும், மெல்ல வந்து வால்கொக்கியால் குறுக்குவடத்தைப் பற்றி நிற்கவும் வேண்டும். அதற்கு இறக்கைப் பரப்பு மிகுதியாகவும், கப்பலின் நெருக்கடியில் அகலம் குறைவாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் ஈரடுக்கு தந்தது. விலையாக, நிலைக்கால்களும் கம்பிகளும் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைத்தன.

எக்ஸ்எஃப்6பி என்ற குறியீட்டையும் பிரித்துப் பார்க்கலாம். ‘எக்ஸ்’ சோதனை ஊர்தி என்பதற்கும், ‘எஃப்’ சண்டை விமானம் என்பதற்கும், ‘6’ அந்நிறுவனத்தின் சண்டை விமான வரிசை எண்ணுக்கும், ‘பி’ போயிங்குக்கும் அடையாளம். ‘எஃப்’ என்பதைப் போர் விமானம் என்று பெயர்ப்பது போதாது; குண்டுவீச்சு விமானமும் போர் விமானமே, வானில் எதிரி விமானத்தோடு பொருதுவதற்கென்றே ஆனது சண்டை விமானம். இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. வான்சண்டைக்கு வேண்டிய சுழல்திறன் இந்த ஊர்திக்குப் போதவில்லை என்று கண்ட கடற்படை, 1934இல் அதைக் குண்டுவீச்சுச் சண்டை விமானம் என்று வகைமாற்றி, எக்ஸ்பிஎஃப்பி என்று பெயரையே மாற்றியது. ஒன்றே ஒன்றுதான் கட்டப்பட்டது.

பின்னர் வந்த கிரம்மன் நிறுவனத்தின் எக்ஸ்எஃப்4எஃப்-1 வரைபடத்திலேயே முடிந்துவிட்டது. 1936இல் ஈரடுக்காகக் கேட்கப்பட்ட அதை, அதே ஆண்டில் கைவிட்டு ஓரடுக்காகத் திருத்தி வரைந்தார்கள். 1937 செப்டம்பரில் பறந்த அந்த எக்ஸ்எஃப்4எஃப்-2இன் வழிவந்ததே இரண்டாம் உலகப் போரின் வைல்ட்கேட் சண்டை விமானம். குறியீட்டில் மாறியது கடைசி எண் மட்டும். ஊர்தியில் ஓர் அடுக்கு குறைந்திருந்தது.