அடுத்த துடிப்பு எப்போது வரும்?

"அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. வெளியாள் யாராவது அதைக் கம்பியில்லாமல் நிப்பாட்டலாமாம், உண்மையோ?" என்று சுன்னாகத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்.

அம்மா பயப்படத் தேவையில்லை. கைத்தொலைபேசியை நெஞ்சுப் பக்கம் வைக்காமல் 15 சென்ரிமீற்றர் தள்ளி வைத்தால் சரி, அதுவும் அதிலுள்ள காந்தத்துக்காகத்தான். ஆனால் கேள்வி வெறும் கற்பனை இல்லை. 2008 இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ஆய்வுகூட மேசையில் வைத்த இதய அதிர்வுக் கருவி (பேஸ்மேக்கர் மாதிரி உடம்புக்குள் வைப்பது, தேவையானால் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுப்பது) ஒன்றின் செற்றிங்ஸை றேடியோ அலையாலேயே மாற்றிக் காட்டினார்கள். அப்போதைய அமெரிக்க உப ஜனாதிபதி டிக் செனியின் கருவியிலோ 2007 இலேயே கம்பியில்லாத் தொடர்பை நிறுத்திவிட்டார்கள்.

பாஸ்வேர்ட் போடலாமே என்றால், மயங்கிக் கிடக்கிற ஆளிடம் எந்த டொக்டர் அதைக் கேட்பது? 2013 இல் அமெரிக்காவின் றைஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான ஆர்எஸ்ஏயின் ஆய்வுகூடத்தாரும் சொன்ன வழி, இதயமே பாஸ்வேர்டைச் சொல்லட்டும் என்பது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இதயம் மணிக்கூடு மாதிரி துடிப்பதில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத்தின் வேகத்தைக் குறைக்கிற வேகஸ் நரம்பின் பிடி தளர்ந்து துடிப்பு கொஞ்சம் விரையும், வெளியே விடும்போது மந்தமாகும், அதனால் ஈசீஜியில் ஒரு கூர்முனைக்கும் அடுத்ததுக்கும் இடையில் 812, 847, 795 மில்லிசெக்கன் என்று மாறிக்கொண்டே இருக்கும் (இப்படி மாறுவது சுகமான இதயத்தின் இயல்பு, கண்ணூறு என்று நூல் கட்டத் தேவையில்லை). ஏறக்குறைய 800 என்று யாரும் ஊகிக்கலாம். கடைசி இலக்கங்களை ஊகிக்க முடியாது, பூட்டுக்கு எடுப்பதும் அவற்றைத்தான். டொக்டரின் கருவி தோலைத் தொட்டு அளக்கிறது, பேஸ்மேக்கர் உள்ளிருந்து அதே துடிப்புகளை அளக்கிறது, இரண்டும் ஒத்துப்போனால்தான் பூட்டுத் திறக்கும். தான் அளந்ததை இனி மாற்றமுடியாதபடி பூட்டி இரண்டும் முதலில் அனுப்பிவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் திறந்து காட்டலாம், இல்லாவிட்டால் கள்ளன் மற்றவரின் விடையைப் பார்த்து எழுதிவிடுவான். சின்ன அளவீட்டுப் பிழை பரவாயில்லை, நேற்றைய துடிப்பு மட்டும் செல்லாது. ஆகவே இது கைரேகை மாதிரி ஆளை அடையாளம் காட்டுகிற விஷயமே இல்லை. இந்த நிமிடம் அந்த உடம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறாய் என்பதற்கு மட்டுமே சாட்சி.

ஓட்டையும் உண்டு. முகத்தின் நிறம் துடிப்புக்குத் துடிப்பு நுணுக்கமாக மாறுவதைக் கமெராவால் பிடிக்கலாம் என்பதால், தொடாமலே அளக்கிறவன் எவ்வளவு துல்லியமாக அளப்பான் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. இன்னொன்று இன்னும் வேடிக்கை: பேஸ்மேக்கரே ஒரே சீராகத் துடிக்கவைக்கிற இதயத்தில் ஊகிக்க முடியாத இலக்கம் எங்கிருந்து வரும்? எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடமும் இருக்கிறது, கிளிநொச்சியில் பொறியியல் பீடமும் இருக்கிறது. திருவிழா வாணவேடிக்கைக்குப் போகிற காசில் ஒரு பங்கைக் கொடுத்தால் பிள்ளைகள் இந்தக் கேள்வியைத் தோண்டிப் பார்ப்பார்கள்.