கணவர் கையெழுத்து எங்கே தேவை, எங்கே தேவையில்லை

ஓ.பி. சீட்டை நீட்டியதும் வருகிற முதல் கேள்வி பல இடங்களில் உடம்பைப் பற்றியதாக இருப்பதில்லை. "வீட்டுக்காரர் வந்திருக்காராம்மா?" என்பதுதான். வரவில்லை என்றால், "கூட்டிக்கிட்டு வாங்க, கையெழுத்து வேணும்" என்று அனுப்பிவிடுவார்கள். கருக்கலைப்புக்குப் போனாலும் இதுதான், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் போனாலும் இதுதான்.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவரின் கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். லீவில் வந்துவிட்டுப் போன பிறகு அக்காவுக்கு நாள் தள்ளிப்போனது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள், அதில் சின்னவனுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. கலைத்துவிடலாம் என்று போனில் இருவரும் பேசி முடிவெடுத்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். கணவர் ஊரில் இல்லை என்றதும், "அப்ப மாமனாராவது வந்து கையெழுத்துப் போடட்டும்" என்றார்களாம். மாமனாரிடம் இதை எப்படிப் போய்ச் சொல்வது? பத்து நாள் ஓடிவிட்டது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1971ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் (எம்.டி.பி. சட்டம்) இதில் குழப்பத்துக்கு இடமே வைக்கவில்லை. 18 வயது நிறைந்த, மனநலக் குறைபாடு இல்லாத பெண்ணாக இருந்தால் அவருடைய சம்மதம் மட்டும் போதும். கணவர், மாமனார், அப்பா, அண்ணன் என்று வேறு யாருடைய சம்மதமும் வேண்டாம். அந்தச் சம்மதத்தை எழுதி வாங்குவதற்கு 'படிவம் சி' என்று ஒன்று உண்டு. அரைப் பக்கம்கூட வராது. பெயர், வயது, நிரந்தர முகவரி, இப்போது தங்கியிருக்கும் முகவரி, "இன்ன இடத்தில் என் கருவைக் கலைக்கச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரி, இடம், தேதி, கையெழுத்து. அவ்வளவுதான். இன்னாருடைய மகள் அல்லது மனைவி என்று எழுத ஓர் இடம் இருக்கிறது. அது அடையாளத்துக்காக. கணவர் கையெழுத்துப் போட அந்தத் தாளில் ஒரு கோடுகூடக் கிடையாது. கீழ்ப்பாதியில் காப்பாளர் நிரப்ப வேண்டிய பகுதி ஒன்று வரும். 18 வயது நிறையாதவருக்கும் மனநலக் குறைபாடு உள்ளவருக்கும் மட்டுமே அது பொருந்தும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தச் சட்டம் பெண் உரிமையை மனதில் வைத்துப் பிறந்தது என்று சொல்ல முடியாது. அதற்கு முன்பு 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டப்படி, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றி கருவைக் கலைத்தால் அது குற்றம். கலைத்த பெண்ணுக்கும் தண்டனை உண்டு. ஊருக்குள் திருட்டுத்தனமாகக் கலைக்கப்போய்ப் பெண்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் குழு அமைத்தார்கள், 1966இல் அறிக்கை வந்தது, 1972 ஏப்ரல் 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மக்கள்தொகையைக் குறைக்கிற கவலையும் அதில் சேர்ந்தே இருந்தது. ஆகவேதான் இன்றும் "எனக்கு வேண்டாம்" என்று ஒரு பெண் சொன்னால் மட்டும் போதாது. தொடர்ந்தால் அவளுடைய உடலுக்கோ மனதுக்கோ கடும் பாதிப்பு வரும், அல்லது பிறக்கும் குழந்தைக்குக் கடுமையான குறை இருக்கும் என்று டாக்டர் கருத வேண்டும். கருத்தடை முறை பலிக்காமல் உண்டான கர்ப்பமும் பாலியல் வன்முறையால் உண்டான கர்ப்பமும் மனதைக் கடுமையாகப் பாதிக்கும் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. நடைமுறையில் பெரும்பாலானோருக்கு இந்த வழியே போதுமானதாக இருக்கிறது. இருந்தாலும் சாவி டாக்டர் கையில்தான் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 24 முதல் அது அமலில் இருக்கிறது. இப்போதைய கணக்கு இப்படி: 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் சொல்ல வேண்டும், அதுவும் சில பிரிவினருக்கு மட்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயது நிறையாதவர்கள், கர்ப்பமாக இருக்கும்போதே கணவரை இழந்தவர்கள் அல்லது மணமுறிவு பெற்றவர்கள், மாற்றுத்திறனாளிகள், மனநலக் குறைபாடு உள்ளவர்கள் என்று அந்தப் பட்டியல் போகிறது. 24 வாரத்துக்கு மேல், குழந்தைக்குக் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் சொன்னால் மட்டும். பெண்ணின் உயிருக்கே உடனடி ஆபத்து என்றால் வாரக் கணக்கு எதுவும் குறுக்கே வராது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் வாரத்தை எண்ணுவார்கள். 'நாள் தள்ளி ஒரு வாரம்தானே' என்று நாம் நினைக்கும்போது ஆஸ்பத்திரிக் கணக்கில் அது ஐந்து வாரம்.

மாத்திரை மூலம் கலைப்பதற்கு விதிப்படி எல்லை ஒன்பது வாரம். அதைத் தாண்டினால் ஆஸ்பத்திரியிலேயே வேறு முறையில் செய்துகொள்ள வேண்டியிருக்கும். அந்த அக்கா எட்டாவது வாரத்தில் போனார். மாமனாரைத் தவிர்க்க வழி தேடி, வேறோர் ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்துச் சேரும்போது ஒன்பது தாண்டிவிட்டது. மாத்திரையில் முடிந்திருக்க வேண்டியது அட்மிஷனாகி, மயக்க ஊசியாகி, பணமும் இரண்டு மடங்கானது. இல்லாத கையெழுத்துக்கு இருந்த விலை இது.

2021 திருத்தத்தில் இன்னொரு சின்ன மாற்றம் உண்டு, பலர் கவனிக்கவில்லை. கருத்தடை பலிக்காத கர்ப்பம் பற்றிய பகுதியில் முன்பு 'மணமான பெண், அவளுடைய கணவர்' என்று இருந்தது. இப்போது 'பெண், அவளுடைய துணைவர்' என்று மாற்றியிருக்கிறார்கள். அதாவது கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்பது போய்விட்டது. ஆனால் 24 வாரம் வரை அனுமதிக்கும் பட்டியலில் திருமணமாகாதவர் சேருவாரா என்பதில் இழுபறி இருந்தது. 25 வயதான, திருமணமாகாத ஒரு பெண் டெல்லி உயர் நீதிமன்றத்தில் கேட்டு மறுக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் போனார். நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் 2022 செப்டம்பர் 29 அன்று, சேருவார் என்று தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பிலேயே நம் விஷயமும் வருகிறது: பெண்ணின் சம்மதம்தான் சட்டத்துக்கு முக்கியம், குடும்பத்தார் சம்மதம் போன்ற சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் போடக் கூடாது. கணவரின் கட்டாய உறவால் உண்டான கர்ப்பத்தையும் இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு வன்முறையால் உண்டானதாகவே கொள்ளலாம் என்றார்கள். அதற்குப் போலீஸில் எஃப்.ஐ.ஆர். போட்டிருக்க வேண்டும் என்பதில்லை.

அப்புறம் ஏன் ஆஸ்பத்திரிகள் கேட்கின்றன? பயம்தான். "நாளைக்கு புருஷன் வந்து சண்டை போட்டால்?" என்பார்கள். சண்டை போட்ட ஒருவரும் உண்டு. தன்னைக் கேட்காமல் மனைவி கருவைக் கலைத்தார் என்று மனைவி மீதும் டாக்டர்கள் மீதும் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார். பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது, 2017இல் உச்ச நீதிமன்றமும் அவருடைய மனுவைத் தள்ளிவிட்டது. ஆக அந்தப் பயத்துக்கும் அடிப்படை இல்லை.

சம்மதம் என்றால் மறுக்கவும் உரிமை என்றுதான் பொருள். பெண்ணின் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்க வைத்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 89ஆவது பிரிவில் ஆயுள் தண்டனை வரை உண்டு. 'மூன்றாவதும் பெண்ணாக இருக்குமோ' என்று மாமியார் இழுத்துக்கொண்டு போகும் கதைகளுக்கு இது பொருந்தும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதும் 1994ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி குற்றம். "காப்பர்-டி போட்டுக்கிட்டால்தான் கலைப்போம்" என்று சொல்வதற்கும் சட்டத்தில் இடமில்லை.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் இதே கதைதான். மத்திய சுகாதார அமைச்சகத்தின் நெறிமுறை, கணவன் அல்லது மனைவியின் சம்மதம் தேவையில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. திருமணம் ஆகியிருக்க வேண்டும், வயது 22க்கு மேல், 49க்குள், ஒரு வயதைத் தாண்டிய குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும். இவைதான் கேட்கப்படுபவை. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் இந்த ஆபரேஷனை நம்பியிருக்கிறார்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். வயிற்றைத் திறக்காமல், தையல் போடாமல், மரத்துப்போக ஊசி மட்டும் போட்டுச் சில நிமிடங்களில் முடிகிற நவீன தழும்பில்லாத சிகிச்சை ஆண்களுக்கு இருக்கிறது. அரசு ஊக்கத்தொகையும் ஆண்களுக்கே அதிகம். அப்படியும் கத்தி பெண்களுக்கு, கையெழுத்து ஆண்களுக்கு என்றுதான் ஓடுகிறது.

18 வயது நிறையாத பெண் என்றால் காப்பாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் கட்டாயம். அது அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பெண்ணைப் பராமரிப்பவர் யாரோ அவர், அம்மாவாகவும் இருக்கலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி டாக்டர் போலீஸுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். ஆனால் பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்று அதே 2022 தீர்ப்பு சொல்லியிருக்கிறது. பெரியவர்களுக்கும் ரகசியம் காக்கப்பட வேண்டும். சட்டப்படி அதிகாரம் பெற்றவரைத் தவிர வேறு யாரிடமாவது டாக்டர் பெயரை வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். வீட்டுக்கு போன் போட்டு மாமியாரிடம் சொல்வதும் இதில் அடக்கம்.

கையெழுத்து இல்லாமல் முடியாது என்று கவுன்டரில் சொன்னால் அங்கே வாதாடிப் பயனில்லை. டாக்டரையே பார்த்து, 'படிவம் சி' கொடுங்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால், என்ன காரணத்தால் மறுக்கிறார்கள் என்று ஓ.பி. சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதுமே பல இடங்களில் பேச்சு மாறிவிடும். மாறாவிட்டால் அந்தச் சீட்டோடு மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடமோ மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடமோ போகலாம். தமிழ்நாட்டில் 104 மருத்துவ உதவி எண், மகளிர் உதவிக்கு 181. ஆனால் இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும்போதே இன்னோர் ஆஸ்பத்திரியையும் பார்த்து வைத்துவிடுங்கள், வாரம் காத்திருக்காது.