இடைவெளி விடாமல் ஓட்டினால் இன்சூரன்ஸ் காப்பாற்றுமா? ஒரு சர்வேயர் சொல்கிறேன்

சேலத்தில் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருக்கிறேன். அடிபட்ட வண்டியைப் பார்த்து, எவ்வளவு சேதம், அதில் கம்பெனி எவ்வளவு தரும் என்று கணக்குப் போடுவது என் வேலை. கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி பக்கத்து ஒர்க் ஷாப்களில் அடிக்கடி பார்ப்பது ஒரே கோலம்தான். பானெட் மடங்கி, கிரில் தூளாகி, ரேடியேட்டர் பின்னுக்குப் போய் ஃபேனில் இடித்துக்கொண்டு நிற்கும். ஓனர் சொல்வதும் ஒன்றுதான்: "முன்னாடி போனவன் திடீர்னு பிரேக் போட்டுட்டான் சார்."

போட்டிருப்பான். நாய் குறுக்கே வந்திருக்கும், பஸ் நின்றிருக்கும். முன்வண்டி திடீரென்று நின்றாலும் முட்டாத அளவுக்கு இடைவெளி விட வேண்டும் என்பது சாலை விதி. அதனால், பின்னால் வந்து முட்டியவர் மேல்தான் முதலில் சந்தேகம் விழும். 2018-ல் ஒரு வழக்கில், லாரிக்குப் பின்னால் 10, 15 அடியில் கார் ஓட்டி வந்ததைப் பாதுகாப்பான இடைவெளியாக உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடிவிடும். 15 அடி என்பது நாலரை மீட்டர். கால் பிரேக்குக்குப் போவதற்குள் கதை முடிந்துவிடும். முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டிய பிறகு நீங்கள் அதைத் தாண்ட இரண்டு நொடியாவது ஆகட்டும். மழையில் இதுவும் போதாது.

முன்னால் போகிறவர் மேல் தப்பே வராதா? வரும். கோயம்புத்தூரில் 2017-ல் பைக்கில் போன ஒரு இன்ஜினியரிங் மாணவர், முன்னால் கார் திடீரென்று நின்றதால் அதில் மோதி விழுந்தார். பின்னால் வந்த பஸ் ஏறி ஒரு கால் போயிற்று. நெடுஞ்சாலையில் சிக்னல் காட்டாமல் நின்ற கார் மேல் 50 சதவீதம், பஸ் மேல் 30 சதவீதம் தப்பு என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் பிரித்தது. போதிய இடைவெளி விடாததும் லைசென்ஸ் இல்லாததும் சேர்ந்து மாணவர் மேல் 20 சதவீதம். சுமார் 1 கோடியே 14 லட்சம் ரூபாய் இழப்பீடு அதனால் சுமார் 91 லட்சமாகக் குறைந்தது.

ஏற்காடு மலைப்பாதையில் கதையே வேறு. இருபது கொண்டை ஊசி வளைவு. மே மாதக் கூட்டத்தில் வளைவில் நின்று நின்றுதான் ஏற வேண்டியிருக்கும். ஹாஃப் கிளட்ச் பழக்கமில்லாதவர் பிரேக்கை விட்டதும் வண்டி பின்னால் உருண்டு வந்து உங்கள் பானெட்டில் இடிக்கும். இடித்தது அவர். ஆனால் போட்டோவில் பார்த்தால் நீங்கள் போய் முட்டியது மாதிரியே இருக்கும். சேதத்தை மட்டும் வைத்து எது எதில் இடித்தது என்று எல்லா நேரமும் எங்களாலும் சொல்லிவிட முடியாது. முன்னால் நடப்பதைப் பதிவு செய்யும் டேஷ்கேம் கேமரா வண்டியில் இருந்தால் பேச்சே இல்லை. இல்லாவிட்டால், ஏற்றத்தில் முன்வண்டியின் பின்டயர் தரையைத் தொடும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவாவது தள்ளி நில்லுங்கள்.

சரி, காசுக்கு வருவோம். "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு" என்று நிம்மதியாகச் சொல்கிறவர்கள் பில்லைப் பார்த்ததும் முகம் மாறுவார்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதி கழித்துவிடுவோம். இந்தக் காலத்துக் காரில் பம்பர், கிரில் எல்லாம் பிளாஸ்டிக்தானே! உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பார்த்துக் கழிவு. பம்பர் டு பம்பர் என்று ஏஜென்ட்கள் சொல்லும் ஜீரோ டெப் எடுத்திருந்தால் இந்தக் கழிவு இல்லை. அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் என்றால் உங்கள் வண்டிக்கு ஒரு ரூபாய்கூட வராது. இன்னொன்று, ஐந்து வருடம் கிளெய்ம் போடாமல் சேர்த்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ், அதாவது பிரீமியத் தள்ளுபடி, ஒரே கிளெய்மில் போய்விடும். சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போட வராதீர்கள் என்று நானே திருப்பி அனுப்புவதுண்டு.

எனக்குக் கோபமே வருவது இன்னொரு விஷயத்தில். முட்டிய பிறகு ரேடியேட்டர் ஒழுகும். "ஸ்டார்ட் ஆகுதே, ஊர் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிடலாம்" என்று கிளம்புவார்கள். கூலன்ட் இல்லாமல் இன்ஜின் சூடேறி, சீஸ் ஆகி நின்றுவிடும். விபத்தில் உடைந்த ரேடியேட்டருக்குக் கம்பெனி தரும். அதற்கப்புறம் ஓட்டியதால் போன இன்ஜினுக்குத் தராது. சில ஆயிரத்தில் முடிய வேண்டியது லட்சத்தில் போய் நிற்கும். அடியில் ஏதாவது சொட்டினால் சாவியைத் திருப்பாதீர்கள். டோ வண்டியைக் கூப்பிடுங்கள், பாலிசியிலேயே அந்தச் சேவை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உடம்பில் அடிபட்டவர்கள் செய்ய வேண்டியது தனி. நடுரோட்டில் ஐயாயிரம் வாங்கிக்கொண்டு "இனி எந்தப் பிரச்சினையும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பின்னாலிருந்து இடித்தால் கழுத்து வலி மறுநாள்தான் ஆரம்பிக்கும். தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில், அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அரசு வைத்திருக்கும் வரம்பு வரை இலவசம். அங்கே டியூட்டி டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்பார். போலீஸ் அலைச்சலுக்குப் பயந்து "தவறி விழுந்துட்டேன்" என்று சொல்கிறவர்கள் ஏராளம். டாக்டர் அதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதிவிடுவார். பின்னால் இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் காட்டுவது அந்த ஒரு வரியைத்தான். என்ன வண்டி, எந்த இடம், எப்படி இடித்தது என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

வண்டிகளை நகர்த்துவதற்கு முன் நம்பர் பிளேட்டும் ரோடும் தெரிகிற மாதிரி நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். காயம் இருந்தால் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, எஃப்ஐஆரோ, புகார் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதோ கேட்டு வாங்குங்கள். கம்பெனிக்கும் அன்றைக்கே தகவல் சொல்லிவிடுங்கள். இழப்பீட்டு மனுவுக்கு விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதக் கெடு என்ற திருத்தம் 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. அது எப்படி முடிந்தாலும், நீங்கள் ஆறு மாதத்துக்குள் வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.