சஞ்சீவி உருண்டையும் சர்க்கரைக் கண்ணாடியும்

வாசகர் ஒருவர் கோயில் வாசல் கடையில் வாங்கிய ‘சஞ்சீவி’யைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். காய்ந்து சுருண்ட பழுப்பு உருண்டை. தண்ணீரில் போட்டால் விரிகிறதாம். அந்தத் தண்ணீரைக் குடித்தால் சர்க்கரை நோய், மூட்டுவலி, குழந்தையின்மை எல்லாமே தீரும் என்றாராம் கடைக்காரர். உண்மையா என்று கேட்கிறார்.

எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்ற ஆசைக்கு நம்மிடம் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை: சர்வரோக நிவாரணி, காயகல்பம், சஞ்சீவி. கிரேக்கர்கள் அதற்கென்று ஒரு தெய்வத்தையே வைத்திருந்தார்கள்: மருத்துவக் கடவுள் அஸ்கிளீப்பியஸின் மகள் பனாக்கியா. வேடிக்கை என்னவென்றால், வால்மீகி ராமாயணத்தில் ஜாம்பவான் அனுமனைக் கொண்டுவரச் சொல்வது நான்கு மூலிகைகளை. உயிரை மீட்க ஒன்று, தைத்த அம்பை எடுக்க ஒன்று, மேனியின் நிறம் திரும்ப ஒன்று, முறிந்ததைக் கூட்ட ஒன்று. இன்ன கோளாறுக்கு இன்ன மருந்து என்ற கணக்கு புராணத்திலேயே இருக்கிறது. நான்கையும் ஒரே பாக்கெட்டில் போட்டது பிற்கால வியாபாரம்தான்.

சரி, உருண்டைக்கு வருவோம். படத்தில் இருப்பது செலாஜினெல்லா வகைச் செடி. பெரணிகளுக்குத் தூரத்துச் சொந்தம். பூவும் கிடையாது, விதையும் கிடையாது; ஸ்போர் எனப்படும் நுண்துகள்களால் பெருகும். நம் நாட்டில் சஞ்சீவி என்று விற்கப்படுவது பெரும்பாலும் செலாஜினெல்லா பிரையாப்டெரிஸ். இதன் மெக்சிகோ உறவினரான லெபிடோபில்லாவைத்தான் விஞ்ஞானிகள் அதிகம் குடைந்து பார்த்திருக்கிறார்கள்.

விரிவது முதலில் வெறும் இயற்பியல். தண்டின் ஒரு பக்கத்துச் செல்சுவர்கள் காயும்போது மறுபக்கத்தைவிட அதிகம் சுருங்குவதால் தண்டு உள்ளே வளைகிறது. நீர் பட்டதும் நிமிர்கிறது. இதற்கு உயிர் தேவையில்லை. செத்துப்போன செடியும் அழகாக விரியும். ஆகவே கடைக்காரர் கிண்ணத்தில் காட்டும் வித்தையை வைத்து எதையும் நம்பிவிட முடியாது. உயிருள்ள செடியென்றால் ஓரிரு நாளில் உள் தண்டுகளில் பச்சை தெரியும்.

எனக்குப் பிடித்த பகுதி அந்தப் பச்சைதான். உடலின் நீரில் ஏறக்குறைய 95 சதவீதத்தை இழந்த பிறகும் எப்படி மீள்கிறது? சாதாரண இலை காய்ந்தால், இதுவரை நீர் தள்ளி வைத்திருந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. செல்லின் சவ்வு கிழிகிறது, புரதங்கள் வடிவம் குலைகின்றன. அப்புறம் எவ்வளவு நீர் ஊற்றினாலும் பயனில்லை. லெபிடோபில்லாவின் செல்களிலோ டிரெஹலோஸ் என்ற சர்க்கரை நிறைய இருக்கிறது. நீர் வெளியேற வெளியேற, அதுவரை நீர் மூலக்கூறுகள் பிடித்திருந்த இடங்களில் இந்தச் சர்க்கரை போய் உட்கார்ந்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் சவ்வையும் புரதத்தையும் தாங்கிக்கொள்கிறது. மீதமிருக்கும் கரைசல் கெட்டிப்பட்டுப் படிகமாகாமல் கண்ணாடியாக உறைகிறது. பாகு இறுகிக் கமர்கட்டு ஆவதும் இதே இயற்பியல்தான். அந்தக் கண்ணாடிக்குள் எந்த மூலக்கூறும் நகர முடியாது. நகர முடியாவிட்டால் சிதையவும் முடியாது.

ஏன் குறிப்பாக டிரெஹலோஸ்? குளுக்கோஸை அடைத்து வைத்தால் அது நாளடைவில் புரதங்களோடு வினைபுரிந்து அவற்றைக் கெடுத்துவிடும். டிரெஹலோஸ் என்பது இரண்டு குளுக்கோஸ்கள், வினைபுரியும் முனைகளாலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட கூட்டு. கடிக்கிற வாய் இரண்டும் அடைபட்டுவிட்டன! இதனுடைய உலர்ந்த கண்ணாடி 100 டிகிரி செல்சியஸுக்கு மேலும் இளகாது என்பது கூடுதல் வசதி. செடியில் வேறு சர்க்கரைகளும் காப்புப் புரதங்களும் கூடவே உழைக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் குடித்தால் நமக்கும் அந்தச் சக்தி வருமா? வராது. நம் சிறுகுடலில் டிரெஹலேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. டிரெஹலோஸ் வந்து சேர்ந்ததுமே அதை இரண்டாக வெட்டிக் குளுக்கோஸ் ஆக்கிவிடும். சர்க்கரை நோய்க்கு என்று சொல்லிக் குளுக்கோஸ் குடிப்பதற்கு நான் யாருக்கும் பரிந்துரை செய்ய மாட்டேன். பிரையாப்டெரிஸ் சாறு பூச்சிச் செல்களைப் புற ஊதாக் கதிரின் பாதிப்பிலிருந்து ஓரளவு காத்ததாக ஆய்வு உண்டு. ஆனால் கண்ணாடித் தட்டில் இருக்கும் பூச்சிச் செல்லுக்கும் மூட்டுவலிக்காரருக்கும் நடுவே வெகுதூரம் இருக்கிறது.

மருத்துவத்தில் டிரெஹலோஸுக்கு வேலை இல்லாமல் இல்லை. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டிராஸ்டுசுமாப் என்ற எதிர்ப்புரதம் உலர்பொடியாக வரும்போது, அந்தக் குப்பியில் டிரெஹலோஸும் இருக்கும். நோயை அது தொடுவதில்லை. புரதம் வடிவம் குலையாமல் காக்கும் வேலை மட்டும் அதனுடையது.

2016-இல் உத்தராகண்ட் அரசு சஞ்சீவியைத் தேடுவதற்கு 25 கோடி ரூபாய் என்று அறிவித்தது. பெயர் முதலில், செடி பிறகு, நோய் கடைசியில் என்று தலைகீழாகப் போகிற இந்தத் தேடலில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் பணத்துக்கு வேறு கேள்விகள் காத்திருக்கின்றன. விதைநெல் காய்ந்து கிடந்தும் பல மாதம் கழித்து முளைக்கிறது. ஆக, காய்ந்து பிழைக்கும் கலை நெல்லுக்கும் தெரியும். அதன் இலைக்குத்தான் கைவராது. விதையில் வேலை செய்யும் அந்த மரபணுக்களை இலையிலும் தட்டி எழுப்ப முடியுமா என்று கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் ஜில் ஃபாரன்ட் இப்படிப்பட்ட மீளும் செடிகளை வைத்துப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். வறட்சி தாங்கும் பயிர்கள் அவருடைய இலக்கு.